எண் இல்லாத பட்டம்

காற்று தெருவுக்குள் வந்துவிட்டது என்பதைத் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே பட்டத்தக்கா தெரிந்துகொண்டாள். கடற்கரையில் எந்நேரமும் அடிக்கிற காற்று ஒரு ரகம். அது கரையோடு நின்றுவிடும். இரண்டு சந்து தாண்டி, மூலை திரும்பி வந்து, கடையின் பெயர்ப் பலகையை ஆட்டிப் பார்க்கிற காற்று இன்னொரு ரகம். அது வந்தால் கடற்கரைக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறியிருக்கும். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அர்த்தம். சிலர் அன்றைக்கென்று பார்த்துத்தான் இறங்குவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அவள் பார்ப்பது கித்தான் வேலை. கடை முகப்புக்கு நிழல் துணி, படகுக்கு உறை, லாரிக்கு மூடாக்கு. நடுவில் ஒரு கால்வாசி பட்ட வேலை. குழந்தைகள் விடுகிற பட்டம் இல்லை. ஓர் அறை அகலத்துக்கு விரியும், காற்றடைத்த குழாய் வைத்த பட்டம். ஆளைப் பலகைமேல் நிற்கவைத்து அலைமேல் இழுத்துக்கொண்டு ஓடும். காற்று முரண்டு பிடித்தால் அதே ஆளைத் தூக்கிப் பாறையில் போடும். கிழிந்த பட்டங்களெல்லாம் அவளிடம்தான் வரும். கொண்டுவருகிறவர்கள் "அக்கா, அக்கா" என்று குழைந்து நாளைக்கே வேண்டும் என்பார்கள். கால்வாசி வேலைதான் அவளுக்கு முழுப் பெயரையும் வைத்துவிட்டுப் போனது.

சுவரிலிருந்த கடை போன் அடித்தது.

"அக்கா, மீட்பு நிலையத்திலேருந்து பேசுறேன். கையில வேலையா?"

நிலைய அதிகாரியின் குரல். வழக்கமாகப் பொரிந்து தள்ளுகிறவள் இப்போது ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"சொல்லுங்க மேடம்."

"பாறைக்கு வெளியில ஒரு பட்டம் மிதந்துக்கிட்டிருந்தது. மீன் படகு ஒண்ணு இழுத்துட்டு வந்து நம்ம வாசல்ல போட்டுட்டுப் போச்சு. ஆளும் இல்ல, பலகையும் இல்ல. பட்டத்துல போன் நம்பர் எழுதலை. கரையில விசாரிச்சாச்சு, யாரும் யாரையும் காணோம்னு சொல்லலை. நம்ம படகு தேடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா யாரைத் தேடுறோம்னு தெரியணும்ல? அதுல ஒரு ஒட்டுப் போட்டுத் தைச்சிருக்கு. உங்க கை மாதிரி இருக்கு."

"என்ன நிறம்?"

"ஆரஞ்சு. ஓரத்துல சாம்பல்."

"வர்றேன்."

ஆரஞ்சும் சாம்பலும் கடற்கரையில் ஏழெட்டுப் பேரிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கடையின் முன்கதவைப் பூட்டினாள். தம்பியிடமும் ஒன்று இருந்தது. இருந்ததுதான், போன மாதமே விற்றுவிட்டான். விற்றுவிட்டேன் என்று சொன்னான். தெருவில் காற்று அவளைப் பின்னாலிருந்து தள்ளியது. நடக்கிற வேலையில் பாதியைக் காற்றே செய்தது. ஆனாலும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

மீட்பு நிலையம் என்பது ஒரு பெரிய கொட்டகையும் அதை ஒட்டிய ஓர் அறையும். கொட்டகையில் படகு நிற்கும் தள்ளுவண்டி வெறுமையாக இருந்தது. சுவர் நெடுக ஆணியில் தொங்கும் மஞ்சள் மேலாடைகளில் மூன்று இடம் காலி. மூன்று பேரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இல்லை. சைரன் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருகிறவர்கள். சுக்கான் பிடிப்பவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அவரோடு மருந்துக்கடைக்காரியும் ரொட்டிக்கடைக்காரரும் போயிருந்தார்கள். நான்காவதாகப் போக வேண்டிய பஸ் டிரைவர் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கரையில் உட்கார்ந்து வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"கொடி ஏத்தியாச்சு. மைக்ல கத்தியாச்சு. அதுக்கப்புறமும் ஒருத்தன் இறங்குறான்னா அவன் தலையெழுத்து. மூணு குடும்பஸ்தங்க எதுக்குப் பின்னாடி போகணும்? பஸ் கிளம்பினப்புறம் ஓடிவந்து தொங்குறவனுக்காக நான் பிரேக் போடுறேனா?"

"போடுவீங்க" என்றாள் அதிகாரி, வயர்லெஸ்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போடுவேன். திட்டிக்கிட்டே போடுவேன்."

"இங்கேயும் அதைத்தானே பண்றீங்க."

"மேடம், நான் பேசுறது நியாயமா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"நியாயம்தான். கொடியைப் பார்த்துட்டு இறங்கினவங்க ஒரு பக்கம் மிதங்க, பார்க்காம இறங்கினவங்க இன்னொரு பக்கம் மிதங்கன்னு கடல்ல கயிறு கட்ட முடிஞ்சா சொல்லுங்க, அடுத்த நிமிஷம் படகைத் திருப்பச் சொல்லிடுறேன்." அப்போதுதான் அதிகாரி பட்டத்தக்காவைப் பார்த்தாள். "வாங்க அக்கா. அதோ."

பட்டம் சிமெண்டுத் தரையில் கிடந்தது. ஒரு குழாயில் காற்று இறங்கியிருந்தது. நனைந்த துணியிலிருந்து தண்ணீர் ஓடை போலச் சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, மடிப்பு விலக்கி, ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடிப் பிடித்தாள். பழுப்பு நூல். பட்டத்துக்கென்று தனி நூல் வாங்காமல், லாரி மூடாக்குக்கு வாங்கிய பழுப்பு நூலிலேயே தைப்பவள் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். கோணல்மாணலாகப் போகிற தையல், மூலைக்கு மூலை ஒரு சின்னச் சதுரம், அதற்குள் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. இழுத்துப் பார்த்தாள்.

தையல் விடவில்லை.

அவள் மனதில் முதலில் வந்தது அதுதான். இந்தக் காற்றில், இந்தக் கடலில், பாறையில் தேய்ந்தும் ஒரு நூல் பிரியவில்லை. நெஞ்சுக்குள் பழக்கமான ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பயம் பின்னால் வந்தது. அவள் கடைசியாகத் தைத்த ஆரஞ்சுப் பட்டம் தம்பியுடையது.

போன மாதம் தம்பி அதைக் கையில் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தான். அதற்கு ஒரு வாரம் முன்னால் அவன் மனைவி முன்வாசல் வழியாக வந்திருந்தாள். "அண்ணி, தோள்பட்டை இறங்கிப் போய் இப்பத்தான் எழுந்து நடமாடுறாரு. அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்தா தைச்சுக் குடுத்துடாதீங்க. கிழிஞ்சது கிழிஞ்சதாவே கிடக்கட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். சரி என்று இவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். "விக்கிறதுக்குத்தான் அக்கா" என்றான் தம்பி. "கிழிஞ்ச பட்டத்தை எவன் வாங்குவான்?" அவள் தைத்தாள். கிழிந்த இடத்தில்தான் அவனுடைய போன் எண் இருந்தது. தொலைந்த பட்டம் கிடைத்தால் ஒரு போன் போட்டு விசாரிக்க வசதியாக இருக்கும் என்று நிலையம் எல்லோரையும் எழுதச் சொல்லும் எண். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துணி வைத்தாள். எண்ணைத் திரும்ப எழுதவில்லை. வாங்குகிறவன் தன் எண்ணை எழுதிக்கொள்ளட்டும்.

அவன் விற்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்று சத்தியம் செய்யலாம். ஆனால் விற்கிற பொருளை யாரும் அப்படித் தடவிப் பார்ப்பதில்லை. மூலைச் சதுரம் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, "உன் கை வந்தா தனி அக்கா" என்று அவன் சொன்னபோது அவளுக்குக் குளிர்ந்தது. நாற்பது வயதை நெருங்குகிறவன், பெண்டாட்டிக்குத் தெரியாமல் தன்னிடம் ஓடிவருகிறான் என்பதில் ஒரு ருசி இருந்தது. அதை அன்றைக்கு அவள் பாசம் என்று நினைத்தாள்.

"யாரோடதுன்னு தெரியுதா அக்கா?"

"பார்க்கிறேன்" என்றாள்.

பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் துணியைப் புரட்டினாள். தம்பி மனைவியிடம் என்ன சொல்வது என்ற யோசனை ஓடியது. நான் தைக்கவில்லை என்று சொல்லலாமா, வேறு எங்கோ தைத்திருக்கிறான் என்று சொல்லலாமா, பழுப்பு நூல் யாரிடம்தான் இல்லை என்று கேட்கலாமா... அங்கே மூன்று பேர் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, தம்பி இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமலிருக்க, தன் மனம் உட்கார்ந்து பொய்க்குப் பொருத்தமான நூல் கோத்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். சுவர்க் கடிகாரப்படி அது ஒரு நிமிடம்கூட இருக்காது.

"என் தம்பியோடது" என்றாள். "வித்துட்டேன்னு சொன்னான். வித்திருக்க மாட்டான்."

பஸ் டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பாதியில் மூடிக்கொண்டார். அதுவரை அவர் திட்டியதைவிட, திட்டை நிறுத்தியதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

தம்பியின் போன் அணைந்திருந்தது. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை செய்கிறான். அதிகாரி அங்கே கூப்பிட்டாள். "இன்னைக்குக் காய்ச்சல்னு லீவு சொல்லியிருக்காருங்களே" என்றது அங்கிருந்த குரல். மிச்சமிருந்தது வீடு. "அதை நான் பேசுறேன்" என்றாள் பட்டத்தக்கா.

"சொல்லுங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. பின்னால் பாத்திரச் சத்தம்.

"தம்பி வீட்டுல இருக்கானா?"

"வேலைக்குப் போயிருக்காரே. ஏன்?"

"அவன் பட்டம் கடல்ல கிடைச்சிருக்கு. ஆளைக் காணோம். தேடிக்கிட்டிருக்காங்க. நான் மீட்பு நிலையத்துலதான் இருக்கேன்."

பாத்திரச் சத்தம் நின்றது. அழுவாள், கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். வந்தது மிக மெல்லிய குரல்.

"அது கிழிஞ்சுல்ல இருந்தது?"

"நான்தான் தைச்சேன்."

மறுபக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வர்றேன்" என்ற ஒரு சொல். போன் வைக்கப்பட்டது.

வயர்லெஸ் இரைந்தது. அதிகாரி வாத்தியாரிடம் கிடைத்த விவரங்களைச் சொன்னாள்: இன்னார், வேலைக்கு மட்டம் போட்டிருக்கிறான், போன் அணைந்திருக்கிறது, பட்டம் அவனுடையதுதான்.

"அப்ப தண்ணியில ஆள் இருக்குன்னு வெச்சுக்கலாமா?" வாத்தியாரின் குரல் காற்றில் அறுந்து அறுந்து வந்தது.

"வெச்சுக்கலாம்."

"வெளிப்பக்கம் முழுக்கப் பார்த்தாச்சு. பாறைக்கு உள்ள போய்ப் பார்த்துடறோம்."

பஸ் டிரைவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். பாறைகளுக்கு நடுவே இருப்பது ஒரு படகு அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான வழி. அமைதியான நாளிலேயே அதில் நுழைய யோசிப்பார்கள். அவர் மணிக்கட்டு முறிந்தது அங்கேதான்.

இவ்வளவு நேரம் யாரென்றே தெரியாத ஒருவனுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள், இப்போது தான் வாயைத் திறந்து சொன்னதால் பாறைக்குள் போகிறார்கள். பட்டத்தக்கா வயர்லெஸ் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். போகச் சொல்லவும் நாக்கு எழவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் எழவில்லை. மருந்துக்கடைக்காரிக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி உண்டு. போன வாரம்தான் அந்தப் பெண்ணின் பைக்கு வார் தைத்துக் கொடுத்தாள்.

"மேடம்... போகச் சொல்றதா வேணாமான்னு..."

"உங்களைக் கேட்கலை அக்கா" என்றாள் அதிகாரி. சொன்ன விதத்தில் கடுமை இல்லை. "அது எங்க வேலை. நீங்க உங்க தம்பியைப் பத்தி யோசிங்க. பட்டத்தை அறுத்துவிட்டுட்டு நீந்திக் கரை ஏறியிருந்தான்னா எங்க போவான்? கூட்டாளி வீடு, டீக்கடை, எங்கேயாவது?"

கரை ஏறியிருந்தால். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் யோசித்தாள். வேலைக்குப் போக மாட்டான், காய்ச்சல்காரன். வீட்டுக்குப் போக மாட்டான், வேலைக்குப் போனவன். நனைந்த ரப்பர் உடையோடு, கையில் பட்டமும் இல்லாமல் கூட்டாளிகள் முகத்தில் விழிக்க மாட்டான். வாழ்நாள் முழுக்கக் கேலி பண்ணுவார்கள். சின்ன வயதில் எதை உடைத்தாலும் உடைந்த துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அவன் முதலில் வருவது...

"கடை" என்றாள். "என் கடை. பின்கதவுக்குப் பூட்டு இல்லை, கொக்கிதான். அதை எடுக்க அவனுக்குத் தெரியும்."

தன் கடைக்குத் தானே போன் போடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. எண் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஒரு தடவை தப்பாக அழுத்தி, திரும்ப அழுத்தினாள். மணி போனது. நான்கு. ஐந்து. காலிக் கடையில் மணி அடிப்பது எப்படிக் கேட்கும் என்று அவள் காதால் பார்த்தாள். எட்டு. ஒன்பது. யாரும் இல்லை. இருந்திருந்தால்...

எடுத்துவிட்டார்கள்.

"கித்தான் கடை" என்றது ஓர் ஆண்குரல், தொண்டையைக் கனைத்துக் கட்டையாக்கிக்கொண்டு. "அக்கா வெளியில போயிருக்காங்க. சாயங்காலமா வாங்க."

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"டேய்" என்றாள்.

மறுமுனையில் கட்டைக் குரல் காணாமல் போயிற்று. "அக்காவா?"

"நீதானாடா?"

"நாந்தான். எங்க போயிட்ட நீ? கோவிச்சுக்காத அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் பட்டம்..."

அவள் அதிகாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அழுகையும் சிரிப்பும் ஒரே வாசலில் முண்டிக்கொண்டு நின்றதால் இரண்டுமே வெளியே வரவில்லை. அதிகாரிக்கு அந்தத் தலையாட்டலே போதும். மைக்கை எடுத்துவிட்டாள்.

"மீட்புப் படகு, நிலையம். ஆள் கிடைச்சாச்சு. திரும்புங்க. கேட்குதா?"

இரைச்சல்.

"மீட்புப் படகு, நிலையம். ஆள் கரையில பத்திரமா இருக்கான். உள்ள போகாதீங்க. கேட்குதா?"

இரைச்சல் மட்டும். ஜன்னலில் நின்ற பஸ் டிரைவர், "உள்ள போயிட்டாங்க. படகு கண்ணுக்குத் தெரியலை" என்றார்.

காதோடு இருந்த போனில் தம்பி கேட்டான்: "யாரு அக்கா அது? எதுக்குக் கத்துறாங்க?"

"நான் மீட்பு நிலையத்துல இருக்கேன். உன்னைத் தேடிப் படகு போயிருக்கு."

"என்னையா?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நான் கரை ஏறி ஒரு மணி நேரம் ஆச்சே. காற்று தூக்கிடுச்சு, பட்டத்தைக் கழட்டிவிட்டுட்டு, பலகையைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கோடியில கரை ஏறிட்டேன். போன் தண்ணியில போச்சு. நடந்து வரும்போது சைரன் கேட்டுச்சு. படகு போறதைக்கூட நின்னு பார்த்தேன் அக்கா. எவனோ கிறுக்கன் இந்தக் காற்றுல மாட்டிக்கிட்டான், பாவம்னு நினைச்சேன்."

வேறு நாளாக இருந்தால் அவனைத் திட்ட அவளிடம் ஒரு மூட்டை வார்த்தை இருந்திருக்கும். இப்போது ஒன்றுகூட அகப்படவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, வயர்லெஸ் பக்கம் நீட்டிப் பிடித்தாள். அவனும் கேட்கட்டும்.

"மீட்புப் படகு, நிலையம். கேட்குதா?"

இரைச்சல்.

"மீட்புப் படகு, நிலையம்."

அதிகாரி ஒவ்வொரு தடவையும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் கூப்பிட்டாள். இடையில் பத்து எண்ணுவது போல உதடு அசைந்தது. பஸ் டிரைவர் நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி பிழைத்த சந்தோஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் பட்டத்தக்கா உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட்டால் அந்த மூன்று பேருக்குத் துரோகம். படாமலிருக்க முடியவும் இல்லை. நீட்டிய கை வலித்தது. மடக்கவில்லை.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, இரைச்சலுக்குள் ஏதோ இருமியது.

"...நிலையம், படகு. ஒரு அலை முழுசா உள்ள வந்துடுச்சு. மைக்கு எங்கேயோ போயிடுச்சு, தேடி எடுத்தோம். மூணு பேரும் இருக்கோம். இப்ப சொல்லுங்க."

"ஆள் கிடைச்சாச்சு. கரையில இருக்கான். நல்லா இருக்கான்."

"எந்தக் கரையில?" என்றார் வாத்தியார்.

"பட்டத்தக்கா கடையில. போன் எடுத்துப் பேசிக்கிட்டிருக்கான்."

"நீங்க குரலைக் கேட்டீங்களா? ஒருதடவை சரிபார்த்துடுங்க. திரும்பிப் போனப்புறம் தப்புன்னா மறுபடி இதுக்குள்ள வர முடியாது."

அதிகாரி போனை வாங்கினாள். "பேரு, அப்பா பேரு சொல்லு" என்றாள். கேட்டுக்கொண்டாள். "சரிதான்" என்றாள் மைக்கில். அப்போது வயர்லெஸ்ஸில் வாத்தியாருக்குப் பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரி சிரிக்கிற சத்தம் வந்தது; பெரிய சிரிப்பு, விக்கலில் போய் முடிகிற சிரிப்பு. "திரும்பறோம்" என்றார் வாத்தியார். பஸ் டிரைவர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "கிறுக்குப் பய, கிறுக்குப் பய" என்று யாரையென்று இல்லாமல் கொஞ்சினார்.

தம்பி மனைவி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது சேதி வாசலிலேயே காத்திருந்தது. அதிகாரிதான் சொன்னாள், காய்ச்சல் என்று லீவு போட்ட கதையையும் சேர்த்து. அவள் சுவரில் சாய்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பட்டத்தக்கா பக்கத்தில் போகவில்லை. போக எந்த உரிமை இருக்கிறது என்று தோன்றியது. அவளாக வந்தாள்.

"வாக்குக் குடுத்தீங்களே அண்ணி."

"குடுத்தேன்."

"அவர் பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். மூக்கு நுனி சிவந்துடும், இன்னைக்குக் காலையிலதான் நிமிர்ந்து பார்க்காம விட்டுட்டேன். நீங்க சொன்னா எனக்குத் தெரியவே இல்ல பாருங்க."

சமாதானம் சொல்லாமல் நின்றது ஒன்றுதான் அன்றைக்குப் பட்டத்தக்கா சரியாகச் செய்தது.

தம்பி தெருவில் ஓடிவந்தான். வெறுங்கால், ரப்பர் உடை, மேலே அவள் கடையிலிருந்து எடுத்த லாரித் துணி ஒன்றைப் போர்த்தியிருந்தான். மனைவியைப் பார்த்ததும் ஓட்டம் நடையாகி, நடையும் நின்றுவிட்டது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. படகு இறங்குகிற சரிவுப் பாதையின் ஓரத்தில், காற்றில் தலைமுடி பறக்க, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு பாறையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தது. முன்கண்ணாடியில் பாதி இல்லை. ரொட்டிக்கடைக்காரர் புருவத்தில் ஒரு துணியை அழுத்திப் பிடித்திருந்தார். மருந்துக்கடைக்காரி படகோரத்தில் தலையைத் தொங்கவிட்டிருந்தாள். குடித்த கடல் நீரைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சரிவில் படகு தட்டி நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"ஒண்ணு" என்றாள் தம்பி மனைவி, வாய்க்குள். "ரெண்டு." வாத்தியார் கடைசியாக, சுக்கானைக் கட்டி வைத்துவிட்டு இறங்கினார். "மூணு."

அதன் பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றாள்.

பஸ் டிரைவர் பக்கென்று சிரித்துவிட்டார். தம்பிக்குத் தலை நிமிரவில்லை. படகுக்காரர்கள் முன்னால் போய் நின்றான். லாரித் துணியைக் கையில் முறுக்கினான்.

"சார்... கொடி ஏத்தினதைப் பார்த்துட்டுத்தான் இறங்கினேன். தப்பு என்னோடது. எனக்காக நீங்க வந்திருக்கவே வேணாம்."

சிரித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவருக்குச் சுள்ளென்று வந்தது. "அதைச் சொல்ல நீ யாருடா? நான் சொல்லலாம். மத்தியானத்துலேருந்து நான் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், மேடத்தைக் கேளு. நீ சொல்லக் கூடாது. உனக்காக வந்தவங்ககிட்ட வந்திருக்க வேணாம்னு சொல்ற உரிமை உனக்குக் கிடையாது. கரை ஏறினதும் ஒரு போன். 'நான் செத்துப் போகலை, தேடாதீங்க.' அவ்வளவுதான் உன்னைக் கேட்கிறது."

"என்னைத்தான் தேடுறாங்கன்னு தோணவே இல்ல சார்."

"அதுதான் எனக்கும் புரியுது" என்றாள் மருந்துக்கடைக்காரி, பல் கிட்டிக்க. "மாட்டிக்கிறவன் எப்பவும் வேற எவனோதான்."

"பட்டத்துல நம்பர் இருந்திருந்தா இவ்வளவும் வந்திருக்காது" என்று பட்டத்தக்கா சொன்னாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அதை வெட்டி எடுத்தது நான். திரும்ப எழுதலை."

வாத்தியார் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு யோசித்தார். "இருந்திருந்தா மட்டும்? அவன் நம்பரைத்தானே எழுதியிருப்பீங்க? அந்தப் போன் மீனுக்கிட்டல்ல இருக்கு. நாங்க அடிச்சிருந்தா அணைஞ்சிருக்குன்னு வந்திருக்கும். இன்னும் சீக்கிரமாப் பாறைக்குள்ள போயிருப்போம்."

இத்தனை வருடமாக எல்லாப் பட்டத்திலும் அவரவர் சட்டைப் பைக்குள் இருக்கிற போனின் எண்ணை எழுதச் சொல்லிக்கொண்டிருந்த அதிகாரி, நெற்றியில் அடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது ரொட்டிக்கடைக்காரர். புருவம் வலிக்க, "ஐயோ சிரிக்க வைக்காதீங்க" என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். பிறகு எல்லோரும். தம்பி மனைவிகூட. சிரித்து முடித்ததும்தான் அவள் அழுதாள். தம்பி போர்த்தியிருந்த துணியின் ஒரு முனையை அவளுக்கும் சேர்த்துப் போர்த்தப் பார்த்தான். "உப்பு" என்று தட்டிவிட்டாள். இரண்டாம் தடவை தட்டிவிடவில்லை.

படகைக் கழுவி ஏற்றும்வரை அவன் கூடவே நின்று வேலை செய்தான். யாரும் அவனைச் செய் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

பட்டத்தக்கா கடைக்குத் திரும்பியபோது காற்று தெருவை விட்டுப் போயிருந்தது. பின்கதவு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. போன் ரிசீவர் சுவரில் கயிற்றோடு தொங்கியது, எடுத்து வைத்தாள். பின்வாசலிலிருந்து போனுக்கும், போனிலிருந்து பிஸ்கட் டப்பாவுக்கும், டப்பாவிலிருந்து உள்ளறைக்கும் ஈரக் காலடிகள் போயிருந்தன. பெரிய பாதம், கட்டைவிரல் சற்று வெளியே விலகியது. பாதி காய்ந்திருந்த அந்தக் காலடிகளை மிதிக்காமல் ஓரமாக நடந்து அவளும் உள்ளறைக்குப் போனாள்.

அங்கே, மறுநாள் காலையில் ஆள் வந்து எடுத்துப்போக வேண்டிய வெள்ளைக் கித்தான் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூன்று நாள் வேலை. பழைய சாக்கு, கிழிசல் துணி, மர நாற்காலி என்று உட்கார ஆயிரம் இடம் இருக்க, அவன் நட்டநடுவில் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு தொடையும் ஒரு பிருஷ்டமும் அச்சுப் பிசகாமல், சேறும் உப்புமாகப் பதிந்திருந்தது.

பிற்பகல் முழுக்கத் தேடியும் அகப்படாத வார்த்தைகள் அப்போது வந்தன. கழுதை என்றாள். எருமை என்றாள். உருப்படுவியா நீ என்றாள். உட்கார உனக்கு வேற இடமே கிடைக்கலையா, தடிமாடு என்றாள். யாருமில்லாத கடையில், கண்ணீர் வழிய, தொண்டை நிறைய, ஒரு குறையும் வைக்காமல், வாயாரத் திட்டித் தீர்த்தாள்.